மண்ணில் ஊன்றிய கம்பு

2004 டிசம்பர் பதினொன்றாம் தேதி, சனிக்கிழமை காலை, லமாண்ட் கிட்ரி ரோஸன்ஃபெல்ட் என்ற சிற்றூரை விட்டுப் புறப்பட்டான். கல்லூரி விடுதி வாசலில் அவன் மாமாவின் பிக்கப் வண்டி இஞ்சினை அணைக்காமல் நின்றது. டெக்ஸஸ் கடற்கரையிலிருந்து பதினோரு மணி நேரம் ஓட்டி வந்தவர், பையனின் பெட்டிகளைப் பின்னால் அடுக்கித் தார்ப்பாயைக் கட்டிக்கொண்டிருந்தார். கன்ஸாஸ் காற்று தார்ப்பாயைக் கட்ட விடாமல் பிடுங்கியது. லமாண்டின் அம்மா முன்னிருக்கையில் கோட்டுக்குள் சுருண்டிருந்தாள். லமாண்ட் இரண்டு ஊன்றுகோல்களில் தொங்கியபடி படியில் நின்றான். வலது முழங்காலைச் சுற்றி இரும்புப் பட்டை.

தெருவின் எதிர்ப்பக்கம் தன் காருக்குள் வெர்னன் ஸ்டக்கி அரை மணி நேரமாக உட்கார்ந்திருந்தார். மடியில் அலுமினியத் தாளில் சுற்றிய ஆறு பியராக். இறைச்சியும் முட்டைக்கோசும் திணித்துச் சுட்ட பன்கள், இன்னும் சூடு ஆறவில்லை. அவர் மனைவி ஆர்லீன் அவற்றைக் கையில் கொடுக்கும்போதே சொல்லியிருந்தாள்.

"ரொட்டிய மட்டும் குடுத்துட்டு வந்து நிக்காத வெர்ன். சொல்ல வேண்டியதயும் சொல்லிட்டு வா."

சொல்ல வேண்டியது பெரிய விஷயமில்லை, ஒரு வாக்கியம்தான். லமாண்டின் முழங்கால் உடைந்ததை ஊரே விபத்து என்றது. அது தன்னுடைய பிடிவாதத்தால் வந்தது, அதற்குமேல் தான் ஒரு பொய்யும் சொல்லியிருக்கிறோம் என்பது வெர்னனுக்குத் தெரியும். ஆர்லீனுக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது என்று அவர் நினைத்திருந்தார்.

அந்தக் கல்லூரி மைதானத்தில் அமெரிக்கக் கால்பந்து ஆட்டங்களுக்கு வெர்னன் இருபத்தேழு வருடம் எண் கம்பு பிடித்தவர். பந்தை வைத்திருக்கும் அணி நாலு முயற்சிக்குள் பத்து யார்டு முன்னேற வேண்டும். அந்தப் பத்து யார்டை, சங்கிலியால் இணைத்த இரண்டு கம்புகளோடு இரண்டு பேர் எல்லைக்கோட்டில் அளந்து நிற்பார்கள். பந்து கிடக்கும் இடத்துக்கு நேராக, இது எத்தனையாவது முயற்சி என்று தலையில் எண்ணைக் காட்டும் மூன்றாவது கம்பு. அதுதான் வெர்னனுடையது. வார நாட்களில் தானியக் கூட்டுறவுக் கிடங்கில் வெல்டர் வேலை, சனிக்கிழமை இது. சம்பளம் கிடையாது, ஒரு தொப்பியும் ஆட்ட இடைவேளையில் ஒரு ஹாட் டாகும் உண்டு. சங்கிலிக்காரர்கள் எந்த அணிக்கும் கைதட்டக் கூடாது. இருபத்தேழு வருடத்தில் வெர்னன் ஒருமுறைகூடத் தட்டியதில்லை.

கம்பு அவரே செய்தது. கிடங்கில் கிடந்த இரும்புக் குழாயை அறுத்து, உச்சியில் எண் தகட்டைப் பொருத்தி, அடியைக் கூராகச் சீவியிருந்தார். ஒவ்வொரு முறையும் ஒரே குத்தாக மண்ணில் இறக்குவார். காற்று அடித்தாலும் ஆடாது. எதிரணி ஊர்களிலிருந்து வருகிறவர்கள்கூட அந்தக் கம்பைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

கோச் பென்னர் காலத்தில் அதில் ஆபத்து எதுவும் இல்லை. ஆட்டம் முழுக்க மைதானத்தின் நடுவிலேயே நடந்தது. ஒருவன் பந்தை வயிற்றோடு அணைத்துக்கொண்டு கும்பலுக்குள் முட்டுவான். மூன்று யார்டு நகரும். எல்லோரும் எழுந்து, கூடி நின்று பேசி, மறுபடியும் முட்டுவார்கள். நடுவில் கிடைக்கிற நேரத்தில் வெர்னனும், சங்கிலி பிடிக்கும் வெண்டல் கேனும் கோதுமை விலையைப் பேசி முடித்துவிடுவார்கள்.

பென்னர் ஓய்வு பெற்றபின் 2003இல் லாஸ்கி வந்தார். முப்பத்திரண்டு வயது. ஆட்டக்காரர்களை ஒரு எல்லைக்கோட்டிலிருந்து மறு எல்லைக்கோடு வரைக்கும் விரித்து நிறுத்தினார். கூடிப் பேசுவதையே ஒழித்துவிட்டார். விழுந்தவன் எழுவதற்குள் அடுத்த பந்து பறந்தது, அதுவும் பெரும்பாலும் ஓரத்தை நோக்கி. இதற்கு ஸ்ப்ரெட் என்று பெயர் என்றார்கள்.

"கோழிக்கூண்டத் தொறந்து விட்ட மாதிரி இருக்கு. யாரு எங்க ஓடுறான்னே தெரியல," என்றார் வெண்டல்.

"நீ பேசுற. நின்ன எடத்துல சங்கிலியப் பிடிச்சிட்டு நிக்கறவன். ஒவ்வொரு பந்துக்கும் ஓடுறது நானு."

"அம்பத்தெட்டு வயசுல உடம்பு எளைக்க இலவசமா வழி கெடச்சிருக்கு, சந்தோஷப்படுய்யா."

முதல் வருடமே எட்டு ஆட்டம் ஜெயித்தார்கள். காப்பிக் கடையில் முனகிக்கொண்டிருந்தவர்களே மாட்டு மணியை எடுத்துக்கொண்டு வந்து மைதானத்தில் ஆட்டினார்கள். பக்கத்துக் கல்லூரிகளின் கோச்சுகள் செவ்வாய்க்கிழமைகளில் வந்து, அதே காப்பிக் கடையில் லாஸ்கியைச் சுற்றி உட்கார்ந்து, கை துடைக்கும் காகிதங்களில் வட்டமும் கோடும் போட்டு வாங்கிக்கொண்டு போனார்கள்.

அந்த ஆட்டத்துக்காகவே லாஸ்கி தெற்கிலிருந்து கூட்டி வந்த பையன் லமாண்ட். ஒல்லி. ஓடினால் கண்ணில் நிற்கமாட்டான். படிப்புச் செலவுக்காக வெள்ளிக்கிழமைகளில் மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடும் வேலையும் செய்தான். வெர்னன் சங்கிலியைச் சரிபார்க்க வரும்போது கருவிக் கொட்டகையில் சுண்ணாம்பு மூட்டைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாண்ட்விச் தின்றுகொண்டிருப்பான்.

"சார், உங்க கம்பு என்னவிட எடை ஜாஸ்தி இருக்கும் போல."

"அப்ப நல்லாச் சாப்பிடு தம்பி. இல்லன்னா உன்னத்தான் ஒரு நாள் காத்து தூக்கிட்டுப் போகும்."

"போகட்டும் சார். தெக்கே அடிச்சா செலவில்லாம வீட்டுக்குப் போயிடுவேன்."

அவன் ஓரத்தில் தாவிப் பந்தைப் பிடிக்கும்போதெல்லாம் வெர்னனுக்குக் கை துறுதுறுத்தது. ஒருமுறை கோட்டுப் பைக்குள் விரல்களை மடக்கி இறுக்கிக்கொண்டார். அவ்வளவுதான் செய்ய முடிந்தது. பெரிய பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து அவனைப் பார்க்க ஆள் வந்து போனதாக ஊரில் பேச்சு.

2004 ஆகஸ்டில் லாஸ்கி வெர்னனைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மிஸ்டர் ஸ்டக்கி, இனிமே ஆட்டம் உங்க பக்கம்தான் வரும். பஞ்சு சுத்தின லேசான கம்பு வாங்கச் சொல்லியிருக்கேன். ஆள் ஓடி வந்தா கீழ போட்டுட்டு நகந்துடலாம். வந்ததும் மாத்திடுங்க."

இரண்டு வாரத்தில் பெட்டி வந்தது. வெர்னன்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினார். தூக்கிப் பார்த்தார். நாணல் மாதிரி இருந்தது. இதைப் பிடித்தால் காற்று ஓக்லஹோமாவில் கொண்டுபோய்ப் போடும் என்று நினைத்தார். பெட்டியைப் பிரிக்காமலே கொட்டகை மூலையில் தள்ளிவிட்டு, தன் கம்பை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டார்.

அக்டோபர் பதினாறு. மணிக் கூண்டுக் கொடி கிழிகிற காற்று. ஆட்டத்தின் மூன்றாம் கால் பகுதியில், மூன்றாவது முயற்சி. வெர்னன் மூச்சிரைக்க ஓடி வந்து வழக்கம்போல ஓங்கிக் குத்தினார். கம்பு ஒரு சாண் மண்ணுக்குள் இறங்கியது. அவர் நிமிர்வதற்குள் பந்து மேலே வந்துகொண்டிருந்தது. அதன் கீழே, தலையை அண்ணாந்து, லமாண்ட்.

"வெர்ன், விடு! விட்டுட்டு வா!" என்று வெண்டல் கத்தினார்.

வெர்னன் விட்டார். வெறுங்கையோடு பின்னால் தாவினார். கம்பு மட்டும் அங்கேயே நின்றது. லமாண்ட் பந்தைப் பிடித்தான். எல்லைக்கோட்டுக்குள் இரண்டு பாதமும் பட்டன. அடுத்த எட்டில் அவன் முழங்கால் அந்த இரும்பைச் சுற்றி, திரும்பக்கூடாத பக்கம் திரும்பியது. மாட்டு மணிகள் இன்னும் அடித்துக்கொண்டிருந்தன. அவை ஒவ்வொன்றாக நின்றபோது பையனின் குரல் கேட்டது. கம்பு ஆடக்கூட இல்லை. மூன்று என்ற எண்ணைக் காட்டிக்கொண்டு நேராக நின்றது.

திங்கட்கிழமை காலை வெர்னன் பெட்டியைப் பிரித்துப் புதுக் கம்புகளைச் சுவரில் சாத்தினார். பழையதைக் கிடங்குக்குக் கொண்டுபோய் நாலு துண்டாக அறுத்தார். மதியம் லாஸ்கி கொட்டகைக்கு வந்தார். இரண்டு இரவு தூங்காத முகம்.

"புதுசு வந்துடுச்சா?"

"இப்பத்தான். இன்னைக்குக் காலையில வந்துச்சு."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. லாஸ்கி கம்புகளைப் பார்த்தபடியே நின்றார். "ரெண்டு நாள்," என்றார். "ரெண்டே ரெண்டு நாள் முன்னாடி வந்திருக்கக் கூடாதா?"

அந்தப் பேச்சு அன்று சாயங்காலமே ஊருக்குள் பரவியது. தேவாலயத்தில் சொன்னார்கள், காப்பிக் கடையில் சொன்னார்கள். ரெண்டு நாள் முன்னாடி வந்திருந்தா. ஒவ்வொரு முறையும் யாராவது வெர்னனின் தோளைத் தட்டி, "உன் தப்பில்லப்பா," என்றார்கள். மருத்துவர்கள் லமாண்டுக்கு இரண்டு முறை அறுவை செய்தார்கள். நடக்கலாம், ஓட முடியாது என்றார்கள்.

அதனால்தான் டிசம்பரில் வெர்னன் அந்தக் காருக்குள் உட்கார்ந்திருந்தார். கடைசியில் இறங்கித் தெருவைக் கடந்து போனார்.

"தம்பி, இது ஆர்லீன் சுட்டது. வழியில சாப்பிட."

லமாண்ட் பொட்டலத்தை வாங்கி மார்போடு வைத்துக்கொண்டான். "தேங்க்ஸ் சார்."

வண்டிக்குள்ளிருந்து அம்மா கூப்பிட்டாள். "லமாண்ட், குளிருது கண்ணு. வா, போகலாம்."

"ரெண்டு நிமிஷம்மா," என்றான் அவன். வெர்னனையே பார்த்தான். காற்றில் கண் கலங்கியிருந்ததா, வேறு எதனாலாவதா, தெரியவில்லை. "ரெண்டு நாள் முன்னாடி வந்திருந்தா நல்லா இருந்திருக்கும். இல்ல சார்?"

வெர்னன் அலுமினியத் தாளைப் பார்த்தார். அதன் ஒரு மூலை பிரிந்து காற்றில் படபடத்தது.

"ஆமா தம்பி," என்றார்.

லமாண்ட் தலையை ஆட்டினான். மாமா கை கொடுத்து ஏற்றிவிட்டார். வண்டி தெற்கே திரும்பியது.

வீட்டுக்கு வந்தபோது ஆர்லீன் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். மாவுப் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

அடுத்த சீசனுக்கு, மூட்டு வலி என்று சொல்லி வெர்னன் தொப்பியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். மைதானத்துப் பக்கமே போகாமல் இருந்தால் மறந்துவிடலாம் என்று நினைத்தார். ஆனால் அந்த ஆட்டம் அவரை விடவில்லை. மூன்று வருடத்தில் பக்கத்துக் கல்லூரிகள் எல்லாம் ஸ்ப்ரெட்டுக்கு மாறின. லாஸ்கியை ஒரு பெரிய பல்கலைக்கழகம் கூட்டிக்கொண்டு போனது. பிறகு உயர்நிலைப் பள்ளி மாறியது. பிறகு தேவாலயத்துக்குப் பின்னால் புல்வெளியில் விளையாடும் பொடியன்கள்கூட அகல விரிந்து நின்று ஓரத்துக்குப் பந்தை எறிந்தார்கள். சனிக்கிழமை மதியம் எந்த வீட்டுக்குப் போனாலும், முடிவெட்டப் போனாலும், டிவியில் பந்து எல்லைக்கோட்டை நோக்கிப் பறந்துகொண்டிருந்தது. மற்றவர்கள் பந்தைப் பார்ப்பார்கள். வெர்னன் ஓரத்தில் நிற்கும் கம்புக்காரனின் கையைப் பார்ப்பார்.

"பழைய ஆட்டத்தப் பாக்கணும்னா இனி நம்ம ரெண்டு பேரும்தான் முட்டிக்கணும்," என்பார் வெண்டல். வெர்னன் சிரிக்கப் பார்ப்பார்.

2015 நவம்பரில் ஒரு மதியம். டிவியில் ஒரு பையன் பந்தைப் பிடித்துக்கொண்டு ஓரத்துக்குப் பாய்ந்து வந்தான். நரைத்த தலைக் கம்புக்காரன் சட்டென்று கம்பைக் கீழே போட்டு ஒதுங்கினான். பையன் அதன்மேல் உருண்டு எழுந்தான். சிரித்தான். குனிந்து கம்பை எடுத்துக் கிழவனிடம் நீட்டிவிட்டு ஓடினான். மூன்று நொடிகூட இருக்காது. வெர்னன் டிவியை அணைத்துவிட்டு ஆர்லீனிடம் காகிதம் கேட்டார்.

லமாண்டுக்கு நாலு நாள் கடிதம் எழுதினார். பெட்டி எந்தத் தேதியில் வந்தது, எங்கே வைத்தேன், லாஸ்கியிடம் என்ன சொன்னேன், உன்னிடம் என்ன சொல்லாமல் விட்டேன். மன்னிப்புக் கேட்டு ஒரு வரி எழுதி அடித்துவிட்டார், பிறகு மறுபடி எழுதினார். லமாண்ட் டெக்ஸஸில் ஒரு பள்ளியில் கோச்சாக இருப்பதை ஆர்லீன் கணினியில் கண்டுபிடித்தாள். கடிதத்தின் அடியில் தன் செல்போன் எண்ணையும் எழுதிச் சேர்த்தாள்.

பதில் இல்லை. கிறிஸ்துமஸ் போனது. கோதுமை அறுவடை போனது. வெர்னன் தபால்காரரைக் கேட்பதை நிறுத்தினார். இன்னொரு கிறிஸ்துமஸும் போனது.

2017 ஜனவரியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டின்போது ஆர்லீனின் போன் மேஜையில் அதிர்ந்தது. அவள் பார்த்தாள். கண்ணாடியையும் போனையும் வெர்னன் பக்கம் நகர்த்தினாள்.

"மிஸ்டர் ஸ்டக்கி, நான் லமாண்ட். உங்க லெட்டர் ஒரு வருஷத்துக்கு முன்னாடியே வந்துடுச்சு. பதில் எழுத மனசு வரல. நீங்க எழுதினது எனக்கு அப்பவே தெரியும். வெள்ளிக்கிழமையெல்லாம் நான் உக்காந்து சாண்ட்விச் தின்னது அந்தப் பெட்டி மேலதான். லேபிள்ல என்ன இருந்துச்சுன்னு படிச்சிருக்கேன். அதுக்குள்ள என்னோட கால் தப்பிக்கிற வழி இருந்துச்சுன்னு எனக்கும் தெரியல, உங்களுக்கும் தெரியல. அதுக்காக நான் கோவப்படல. கிளம்புற அன்னைக்கு நீங்க சொல்லுவீங்கன்னு நின்னேன். சொல்றதுக்கு வழியும் எடுத்துக் குடுத்தேன். நீங்க 'ஆமா தம்பி'ன்னீங்க. அந்த ரெண்டு வார்த்தைக்குத்தான் பன்னெண்டு வருஷமா கோவம். அது போயிடுச்சுன்னு பொய் சொல்ல மாட்டேன். இப்ப நானும் ஸ்ப்ரெட்தான் சொல்லித் தர்றேன். ஒவ்வொரு மேட்ச்சுக்கு முன்னாடியும் கம்பு பிடிக்கிறவங்ககிட்டப் போயி, ஆள் வந்தா கீழ போட்டுடுங்கன்னு சொல்லுவேன். இந்த ஆளுக்குப் பைத்தியம்னு சிரிப்பாங்க. ஆர்லீன் அம்மாகிட்டச் சொல்லுங்க, ஓக்லஹோமா தாண்டுறதுக்குள்ள ஆறு பன்னும் காலி. எங்கம்மா இன்னும் அதப் பத்திப் பேசுவாங்க."