அன்வர் பாய் கொடுத்த கேஸ்கெட்

அன்வர் பாய் போயிட்டார்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில ஆட்டோ ஸ்பேர்ஸ் கடை வச்சிருந்தாரே, அவரேதான். காலையில அவர் பையன் போன் பண்ணி, "அண்ணா, அத்தா தவறிட்டாங்க"ன்னான். மல்லசமுத்திரத்துல என் மெக்கானிக் ஷெட்டைப் பூட்டிட்டுக் கிளம்பினேன். அடக்கம் முடிஞ்சு இப்பத்தான் வந்து உட்கார்ந்தேன்.

எங்க சுத்துவட்டாரத்துல பழைய காருக்கு ஹெட் கேஸ்கெட் போச்சுன்னா என்கிட்டத்தான் வரும். நான் மாத்தின வண்டி திரும்பி வராது. பெருமைக்குச் சொல்லலை... சரி, பெருமைக்குத்தான் சொல்றேன்.

தெரியாதவங்களுக்கு... என்ஜினோட மேல்பாகம் ஹெட். அதுக்கும் அடிப்பாகத்துக்கும் நடுவுல இருக்கிற மெல்லிசான தகடுதான் கேஸ்கெட். அது போச்சுன்னா தண்ணியும் ஆயிலும் கலந்து, என்ஜினுக்குள்ள டீ போட்ட மாதிரி ஆயிடும்.

பாய் கடையில அதைச் சும்மா போய் வாங்கிட முடியாது. "பழசைக் கொண்டாந்தீங்களா?" இதான் முதல் கேள்வி. இல்லைன்னா வந்த வழியே திரும்ப வேண்டியதுதான்.

பழசை வாங்கி, கண்ணாடியை நெத்திக்கு ஏத்திவிட்டு, வாசல் வெளிச்சத்துல பிடிச்சுப் பார்ப்பார். எங்க வெடிச்சது, எதனால வெடிச்சதுன்னு சொல்லிட்டுத்தான் புதுசை எடுப்பார். மெக்கானிக்குங்க எல்லாம் எக்ஸாம் ரிசல்ட்டுக்கு நிக்கிற மாதிரி நிப்போம்.

ஒரு தடவை போன்லயே என்ஜின் சத்தத்தைக் கேட்கச் சொன்னேன். கேட்டுட்டு, "வண்டி நல்லாத்தான் இருக்குது. உங்க கொரலுதான் சரியில்லை, சாப்பிட்டீங்களா?"ன்னார். காலையிலிருந்து சாப்பிடலைதான்.

இப்ப எழுத வந்த விஷயம்.

ரொம்ப வருஷம் முன்னாடி, அப்ப நான் ஷெட் போட்டு மூணு மாசம்தான். எங்க ஊர் பெரியசாமி அண்ணன் தன்னோட தொண்ணூத்தாறு மாடல் டீசல் காரைக் கொண்டு வந்து விட்டார். மக கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கணும், சீக்கிரம் வேணும்னார். ஹெட் கேஸ்கெட் அவுட்.

பாய்கிட்ட புதுசு வாங்கிட்டு வந்து மாத்தினேன். மாட்றதுக்கு முன்னாடி ஹெட் மேல ஸ்டீல் ஸ்கேல் வச்சு, வளைஞ்சிருக்கான்னு பார்க்கணும். பத்து நிமிஷ வேலை. நான் பார்க்கலை... எனக்குத் தெரியாததான்னு ஒரு திமிர்.

நாலாம் நாள் அஸ்தம்பட்டி சிக்னல்ல வண்டி பொங்கி நின்னுடுச்சு. அண்ணன், அண்ணி, கல்யாணப் பொண்ணு, ஒரு பை நிறையப் பத்திரிகை... எல்லாம் நடுரோட்டுல.

மறுநாள் அந்தக் கேஸ்கெட்டைக் கழட்டி எடுத்துட்டு ரெண்டு பேரும் பாய் கடைக்குப் போனோம். "ஏனுங்க பாய், இது கேஸ்கெட்டுங்களா, அப்பளமுங்களா?"ன்னு அண்ணன் சத்தம் போட்டார்.

பாய் அதை வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். "ஹெட்டுக்கு ஸ்கேல் வச்சுப் பாத்தீங்களா?"

"பாத்தேனுங்க பாய். சுத்தமா லெவல்."

கூசாமச் சொன்னேன்.

பாய் தகட்டை இன்னொரு தடவை திருப்பிப் பார்த்தார். அப்புறம் அண்ணன் பக்கம் திரும்பி, "சரக்குலதானுங்க கோளாறு. என் தப்பு. வேற தர்றேன்"ன்னார்.

அண்ணன் கோபமா வெளிய போனதும், அந்தத் தகட்டை என் கையில கொடுத்தார். ரெண்டு ஓரமும் நல்லா அழுந்திப் பதிஞ்சிருந்தது. நடுவுல தடமே இல்லை. ஹெட் வளைஞ்சிருக்குன்னு அதுலயே எழுதி வச்ச மாதிரி இருந்தது.

"மொதல்ல லேத்துல குடுத்து ஹெட்டை லெவல் பண்ணுங்க"ன்னார். "ஏனுங்க பாய் அப்படிச் சொன்னீங்க?"ன்னு கேட்டேன்.

"என் கடைக்கு இருவது வருசமாச்சு, தாங்கும். உங்க ஷெட்டுக்கு மூணு மாசம்."

அவ்வளவுதான். அடுத்த ஆளைக் கவனிக்கப் போயிட்டார்.

கல்யாணம் நல்லபடியா நடந்தது. ஆனா பாய் கடையில டூப்ளிகேட் ஓடுதுன்னு ஊர்ல பேச்சு. லாரிக்காரங்க சிலர் கடையே மாறிட்டாங்க. டீக்கடையில என் காதுபடவே பேசினாங்க... நான் டீயை ஊதிட்டு நின்னேன்.

அப்புறம் ஒரு நாள் பாய்கிட்ட, "எல்லார்கிட்டயும் உண்மையைச் சொல்லிடறேனுங்க"ன்னேன். "அதெல்லாம் இப்ப எதுக்குங்க, வாட்டர் பம்ப் கேட்டீங்களே, வந்திருக்குது பாருங்க"ன்னு பேச்சை மாத்திட்டார். நானும் அதான் சாக்குன்னு விட்டுட்டேன். அதை நினைச்சா இப்பவும் வெட்கமா இருக்கு.

இன்னைக்குப் பெரியசாமி அண்ணனும் நானும் அதே கார்லதான் அடக்கத்துக்குப் போனோம். பாய் பையன் எல்லார் முன்னாடியும் கை கூப்பி, "எங்க அத்தா யாருக்காவது குறை வச்சிருந்தா மன்னிச்சுக்குங்க"ன்னான்.

அண்ணன் கண்ணைத் துடைச்சுட்டு என் காதுல சொன்னார். "தங்கமான மனுசன் சாமி... அந்த ஒரு கேஸ்கெட்லதான் சறுக்கிட்டாரு. நான் மன்னிச்சுட்டேன்."

ஊர் வர்ற வரைக்கும் அவர் பக்கத்து சீட்லதான் உட்கார்ந்து வந்தேன். சொல்லாமலே இறங்கி, நேரா வந்து இதை எழுத உட்கார்ந்துட்டேன்.

பெரியசாமி அண்ணா, நீங்க இந்தப் பதிவைப் படிப்பீங்க. அந்தக் கேஸ்கெட் ஒரிஜினல். ஸ்கேல் வைக்காம மாட்டினது நான். பாய் முன்னாடி பொய் சொன்னதும் நான். மன்னிக்கணும்னா என்னை மன்னிங்க. வண்டியை வேற இடத்துல விடறதுன்னாலும் விடுங்க.

அந்தத் தகடு இன்னும் என் ஷெட்லதான் தொங்குது. யாருக்காவது சந்தேகம்னா, வந்து வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க.

பழசைக் கொண்டாந்துட்டேன், பாய். போயிட்டு வாங்க.