ஒரு செக் புக் கிடைக்கும்வரை

என் திவால் வழக்கு முடிந்துவிட்டது என்று நீதிமன்றத்திலிருந்து செய்தி வந்தபோது நான் வேலையில் இருந்தேன். பர் துபாயில் ஒரு பல் மருத்துவமனையில் இன்ஷூரன்ஸ் மேசையில் உட்காருவது என் வேலை. நோயாளியின் கார்டை வாங்கி, கம்பெனிக்கு எழுதி, இந்தப் பல்லைப் பிடுங்கப் பணம் தருவீர்களா என்று கேட்டுச் சொல்ல வேண்டும். எதிரே ஒரு பெரியவர் கன்னத்தைப் பிடித்தபடி காத்திருந்தார். போனில் வந்திருந்ததை இரண்டு முறை படித்தேன். கட்ட வேண்டியது எல்லாம் கட்டியாயிற்று, பயணத் தடை நீக்கப்பட்டது. "ஒரு நிமிஷம் சார்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு பாத்ரூமுக்குப் போய் அழுதேன். பிறகு வந்து பெரியவருக்கு அனுமதி வாங்கிக் கொடுத்தேன்.

அந்தக் கடன் எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். என் கணவர் ஷார்ஜாவில் கடைகளுக்குப் பெயர்ப்பலகை செய்து கொடுக்கும் சிறு கடை வைத்திருந்தார். அவருக்கு மாதச் சம்பளம் கிடையாது, எனக்கு உண்டு. அதனால் வங்கிகள் எனக்குத்தான் கிரெடிட் கார்டு கொடுத்தன. ஒன்று இரண்டாகி, இரண்டு மூன்றானது. கடைக்குச் சரக்கு வாங்க அவர் கேட்கும்போதெல்லாம் கொடுத்தேன். என்னை யாரும் ஏமாற்றவில்லை. தெரிந்துதான் கொடுத்தேன். பெரிய வேலை கொடுத்திருந்த ஒரு கம்பெனி பணம் தராமல் மூடிக்கொண்டு போனதும் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகச் சரிந்தது. கடை லைசென்ஸ் போனது. அதோடு அவர் விசாவும் அவர் பெயரில் இருந்த எங்கள் மகளின் விசாவும் போயின. என் விசா மருத்துவமனையுடையது என்பதால் நான் மட்டும் தங்கினேன். தங்கினேன் என்பதைவிட, போக முடியவில்லை என்பதே சரி. தடை இருந்தது.

அவரும் மகளும் கோயம்புத்தூருக்கு, சிங்காநல்லூரில் அவர் அக்கா வீட்டுக்குப் போனார்கள். மகளுக்கு அப்போது ஒன்பது வயது. இரண்டு மாத லீவு என்றுதான் அவளிடம் சொல்லியிருந்தோம். பொம்மைகளை எடுத்துக்கொள்ளாமல் ஸ்கூல் பையை மட்டும் மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

நான் அஜ்மானில் ஓர் அறையில் பாதிக்கு வாடகை கொடுத்துக் குடியேறினேன். மற்றப் பாதியில் மட்டக்களப்பிலிருந்து வந்த ஒரு பெண். ஒரு வீட்டில் படுத்த படுக்கையாக இருந்த அம்மாளைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. மூன்று வருடம், நீதிமன்றம் போட்டுக் கொடுத்த திட்டப்படி சம்பளத்தில் பெரும்பகுதி போனது. மிச்சத்தில் கொஞ்சம் ஊருக்கு அனுப்பி, கொஞ்சம் சேர்த்தேன். வழக்கு முடிந்த அன்று கையில் ஐயாயிரம் திர்ஹாம் இருந்தது. ஊருக்குப் போய் மகளைப் பார்த்துவிட்டு வருவதற்காகச் சேர்த்த பணம் அது.

ஆனால் எனக்குப் பார்த்துவிட்டு வருவது போதவில்லை. அவர்களைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். அதற்கு விசா வேண்டும். விசாவுக்கு என் பெயரில் ஒரு வீடு வேண்டும். வீட்டு புரோக்கர் வாடகையைப் பின்தேதி போட்ட நான்கு செக்குகளாகக் கேட்டார். செக் புக் கேட்டு வங்கிக்குப் போனேன். அங்கே இருந்த மலையாளிப் பெண் என் அடையாள அட்டை எண்ணைத் தட்டிப் பார்த்தாள். திரையை என் பக்கம் திருப்பவில்லை.

"சேச்சி, இப்போ செக் புக் தர முடியாது. கிரெடிட் ஸ்கோர் ரொம்பக் கம்மி."

"கேஸ் முடிஞ்சிருச்சுங்க. லெட்டர் வெச்சிருக்கேன்."

"லெட்டர் சரிதான். பழைய கடன் இல்லேன்னு அதுல தெரியும். இனிமே ஒழுங்கா கட்டுவீங்களான்னு அதுல தெரியாதில்லே? அதுக்கு நீங்க மறுபடி கடன் வாங்கித் திருப்பிக் காட்டணும்."

நான் சரியாகக் கேட்டேனா என்று எனக்கே சந்தேகம் வந்தது. மூன்று வருடம் எதற்காகப் பிள்ளையைப் பிரிந்தேனோ அதையே மறுபடி செய்யச் சொல்கிறாள். அவள் பொறுமையாக விளக்கினாள். ஐயாயிரம் டெபாசிட் போட்டால் அதை வங்கி பிடித்து வைத்துக்கொண்டு, அந்தத் தொகைக்குள் செலவழிக்க ஒரு கார்டு கொடுக்கும். கொஞ்சமாகச் செலவழித்து, பில் வந்ததும் முழுதாகக் கட்ட வேண்டும். ஒரு வருடத்தில் ஸ்கோர் ஏறும்.

அன்று மாலை கணவரிடம் சொன்னேன்.

"அந்தப் பணத்துல ஒருக்கா வந்துட்டுப் போயிருக்கலாம் அம்மிணி. புள்ள நாள எண்ணிட்டு இருக்குது."

"வந்தா திரும்பவும் நான் மட்டும்தானே வரணுமுங்க. ஒரு வருசம். அப்புறம் நீங்க ரெண்டு பேரும் இங்க வந்துருவீங்க."

மறுநாள் டெபாசிட் போட்டேன். அந்த முடிவை இன்றும் சில நாள் சரி என்கிறேன், சில நாள் இல்லை என்கிறேன்.

கார்டு மருத்துவமனைக்கே கூரியரில் வந்தது. பின்பக்கத்தில் கையெழுத்துப் போடவே இரண்டு நாளானது. முதல் முறை அதை எடுத்துக்கொண்டு அறைத்தோழியோடு பக்கத்து சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனேன். துவரம்பருப்பு, வெங்காயம், ஒரு சீப்பு வாழைப்பழம். மெஷின் மறுத்துவிட்டால் கொடுப்பதற்காக இடக்கையில் பணத்தைச் சுருட்டி வைத்திருந்தேன்.

"ஏனக்கா காசையும் கையில வெச்சிருக்கிறீங்கள்?"

"திருடப் போற மாதிரி இருக்குது."

"வெங்காயம்தானே வாங்கப் போறீங்கள். தாங்கோ, நான் வைக்கிறன்" என்று கார்டை வாங்கி அவளே மெஷினில் வைத்தாள்.

அறைக்கு வந்ததும் அந்தத் தொகையை உடனே கட்டிவிட்டேன். அந்த மாதம் முழுக்க அப்படியே செய்தேன். வாங்குவேன், பஸ் ஏறுவதற்குள் கட்டிவிடுவேன். வங்கிப் பெண்ணிடம் பெருமையாகச் சொன்னபோது சிரித்துவிட்டாள். "பில் வரட்டும் சேச்சி. பில் வந்து, அதைக் கட்டினாத்தானே உங்க பேர்ல பதிவாகும்?" கடனை இருபது நாள் கையில் வைத்திருக்கப் பழகுவது எனக்குப் பெரிய வேதனையாக இருந்தது.

வருடக் கடைசியில் மருத்துவமனை டிக்கெட் கொடுத்தது. எட்டு நாள் லீவு. கோயம்புத்தூரில் இறங்கியபோது என் தோளுக்கு மேல் வளர்ந்த ஒரு பெண் வந்து பெட்டியை வாங்கிக்கொண்டாள். "பிளைட்ல சாப்டீங்ளாம்மா?" என்றாள். என்னோடு இருந்தவரை அவள் என்னை மம்மி என்பாள். பாதிப் பேச்சு ஆங்கிலம், மீதிப் பாதியில் நான் 'நீ'தான். அத்தை வீட்டில் எல்லோரும் பெரியவர்களிடம் பேசுவதைப் போல அவளும் பேசப் பழகியிருந்தாள். நானும் என் அம்மாவிடம் அப்படித்தான் பேசினேன், ஊர் வழக்கம்தான். ஆனாலும் அந்த 'நீங்க' விருந்தாளிக்குச் சொல்வதைப் போல என் காதில் விழுந்தது. எட்டு நாளில் ஐந்து நாள் அவளுக்குப் பரீட்சை. அவள் படிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து துணி மடித்தேன். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தேன்.

திரும்பி வந்து இரண்டு மாதத்தில் வங்கி டெபாசிட்டை விடுவித்து, சாதாரணக் கார்டு கொடுத்தது. அதில் முன்பைவிட மூன்று மடங்கு செலவழிக்கலாம். சந்தோஷத்தில் கணவரிடம் சொன்னேன். ஒரு வாரம் கழித்து அவர் கூப்பிட்டார்.

"அம்மிணி, பழைய ஃப்ளெக்ஸ் மிஷின் ஒண்ணு வெலைக்கு வந்துருக்குது. நல்ல கண்டிசன். அந்தக் கார்டுல பாதி எடுத்தா..."

"வேண்டாமுங்க."

"நா இன்னும் சொல்லியே முடிக்கலியே."

"முடிக்காதீங்க. முடிச்சா நான் சரின்னு சொல்லிருவேன்."

அவர் போனை வைத்துவிட்டார். பதினொரு நாள் பேசவில்லை. மகள் மட்டும் பேசினாள், "அப்பா குளிக்கறாருங்ம்மா" என்றாள். தினமும் அதே நேரத்தில் குளித்தார். முன்பெல்லாம் எங்களுக்குள் சண்டை வந்தால் அவர் கடைக்குப் போய், அரைமணியில் எனக்குப் பிடித்த சமோசாவோடு வந்துவிடுவார். இவ்வளவு தூரத்தில் சண்டையை எப்படி முடிப்பது என்று இருவருக்கும் தெரியவில்லை. பன்னிரண்டாம் நாள் ஒரு மெசேஜ் வந்தது. கோயம்புத்தூரிலேயே கணபதி பகுதியில் ஓர் அச்சகத்தில் டிசைனராகச் சேர்ந்துவிட்டதாக எழுதியிருந்தார். மிஷினைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதன் பிறகும் அவர் அதைப் பற்றிப் பேசியதில்லை.

வங்கிப் பெண் சொன்ன ஒரு வருடம் ஒன்றரை வருடமானது. ஒரு டிசம்பரில் செக் புக் வந்தது. நானும் அறைத்தோழியும் அதைப் படுக்கையில் வைத்துப் பார்த்தோம். "இந்தத் தாளுக்கோ அக்கா இவ்வளவு பாடு?" என்றாள். அந்த வாரமே அஜ்மானில் ஒரு படுக்கையறை வீடு பேசி, நான்கு செக் எழுதினேன். ஒவ்வொன்றிலும் கையெழுத்து ஒரே மாதிரி இருக்கிறதா என்று சரிபார்த்தேன். சாவி வாங்கியதும் காலி வீட்டில் நின்று மகளைக் கூப்பிட்டு, அறை அறையாக வீடியோவில் காட்டினேன்.

அவள் எல்லாவற்றையும் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"நல்லா இருக்குதுங்ம்மா. ஆனா நான் இப்ப ஒன்பதாவது. அங்க ஸ்கூல்ல ஒன்பதாவதுலயே பேரு பதியணுமாமா, பத்தாவதுக்கு நேரா எடுக்க மாட்டாங்களாமா. மிஸ் சொன்னாங்க. போன வருசம்னா வந்துருப்பேன்."

பள்ளிகளில் விசாரித்தேன். அவள் சொன்னதுதான் சரி. போன ஏப்ரலில் என் ஸ்கோர் இன்னும் ஏறாமல் நின்றுகொண்டிருந்தது. பத்தாவது முடியட்டும் என்று முடிவு செய்தோம். அவளை விட்டுவிட்டு அவர் மட்டும் வருவதை நான் கேட்கவுமில்லை, அவர் சொல்லவுமில்லை.

மே மாத விடுமுறைக்கு இருவரும் விசிட் விசாவில் வந்தார்கள். இருபத்தெட்டு நாள். வெயிலில் வெளியே போக முடியாது, அதனால் வீட்டிலேயே இருந்தோம். எனக்கு அதுதான் வேண்டியிருந்தது. ஒரு சாயங்காலம் ஷார்ஜாவுக்குப் போனோம். அவர் செய்து மாட்டிய ஒரு சலவைக் கடையின் பலகை இன்னும் அங்கேயே இருந்தது. எழுத்துகளின் சிவப்பு வெளுத்திருந்தது. அவர் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். "போல்ட் ஒண்ணு கூட கழரல பாத்தியா" என்று மகளிடம் சொன்னார். அவள் அதை போட்டோ எடுத்துக்கொண்டாள். வீடு வந்து சேரும்வரை அவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அவர்கள் போன பிறகு வாடகைக்குத் துணையாக என் பழைய அறைத்தோழி ஹாலுக்குக் குடிவந்தாள். படுக்கையறையில் நான் இருக்கிறேன். மகளுக்கு இப்போது பத்தாவது. அதற்குப் பிறகு வருவாளா என்று நான் கேட்பதில்லை. அவளுக்குத் தோழிகள் இருக்கிறார்கள், ஊர் இருக்கிறது.

காலையில் ஐந்தரைக்கு நான் பஸ் ஸ்டாப்புக்கு நடக்கும்போது அங்கே ஏழு மணி. அவள் போனைச் சாப்பாட்டு மேசையில் சாய்த்து வைத்துவிட்டு இட்லி சாப்பிடுவாள். இரண்டு வார்த்தை பேசுவோம். பிறகு ஷூ மாட்ட எழுந்து போய்விடுவாள், போனை வைக்க மறந்துவிடுவாள். திரையில் காலித் தட்டும் சுவரும்தான் தெரியும். அத்தை டிபன் பாக்ஸை மூடும் சத்தம் கேட்கும். அவர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு "நேரமாச்சு சாமி" என்று மகளைக் கூப்பிடுவார். "வந்துட்டேனுங்ப்பா" என்று எங்கிருந்தோ அவள் குரல் வரும். கதவு சாத்துவார்கள். நான் போனை வைப்பதில்லை. துபாய் பஸ் வரும்வரை அந்த வீட்டைக் கேட்டுக்கொண்டு நிற்பேன்.