வடக்கு அரண்மனை ராணிக்கு யாரைப் பிடித்தது?

அக்கா இணையச் சேனல் ஒன்றுக்கு வரலாற்றுக் கதைகளைக் குரலில் பதிந்து கொடுப்பவள். வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட் ரயில் பாதையோரம் இருப்பதால், ரயில் போன பிறகுதான் வாயைத் திறப்பாள். சத்தம் போடாமல் இருப்பது என் வேலை. அதுதான் எனக்கு வராதது.

அன்று பழைய பர்மாவின் ஆவா நாட்டு ராணி ஒருத்தியின் கதை. "அரண்மனையின் வடக்குப் பக்கத்து ராணி, தெற்குப் பக்கத்து ராணி என்று..." என அவள் தொடங்கினாள்.

"வடக்கெண்டா யாழ்ப்பாணமோ, கிளிநொச்சியோ?"

"விசரா! ராணிமார் இருந்த பக்கந்தான் அவையின்ட பட்டம்."

"அப்ப நீ அடுப்படிப் பக்கத்து ராணி."

தலையணை பறந்து வந்தது. பதிவு பாழ்.

ஒரு ராசா செத்தால் அடுத்தவன் அரண்மனையோடு அந்த வடக்குப் பக்கத்து ராணியையும் எடுத்துக்கொள்வானாம். இப்படி ஐந்து ராசாக்களுக்கு ராணி.

"ஃபிளாட்டை வாங்கினா கட்டிலும் அலுமாரியும் வாற மாதிரியோ?"

அக்கா சிரிக்கவில்லை. அவளுடைய முதல் கலியாணம் கோர்ட்டில் விவாகரத்தாக முடிந்திருந்தது. இப்போது அம்மா கொட்டாஞ்சேனையில் ஒரு மாப்பிள்ளை பார்த்திருந்தா. அம்மாவுக்கு முழுச் சம்மதம். அக்காவுக்குச் சம்மதமா என்று யாருக்கும் தெரியாது.

"ஐஞ்சு பேரில அவவுக்கு ஆரைப் பிடிச்சது?" என்றேன். பகிடியில்லை, உண்மையாகவே அறிய ஆசை.

அக்கா தாள்களைப் புரட்டினாள். "ஆர் ஆரைக் கொன்றது, ஆர் எந்த ஊரைப் பிடிச்சது எல்லாம் கிடக்கு. இது மட்டும் இல்லையடா. ஒருத்தரும் அவவிட்டக் கேக்கேல்லப் போல."

அந்த நேரம் பார்த்து அம்மா போனோடு உள்ளே வந்தா. மறுமுனையில் மாப்பிள்ளையின் தாய். "ஓமோம், எங்களுக்கு முழுச் சம்மதம். நல்ல நாளாப் பாருங்கோ."

அக்கா எழும்பிப் போனை வாங்கினாள்.

"அன்ரி, அம்மாதான் ஓமெண்டவா. நான் இன்னும் சொல்லேல்ல. உங்கட மகனை என்னோட கதைக்கச் சொல்லுங்கோ."

"ஐயோ, சம்பந்தம் போச்சு!" என்று அம்மா கட்டிலில் குந்திவிட்டா. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

தேத்தண்ணி ஆறுவதற்குள் அக்காவின் போன் அடித்தது. தெரியாத இலக்கம். என்னையும் அம்மாவையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள். இருவரும் போட்டி போட்டுக்கொண்டு கதவில் காதை வைத்தோம்.

"கலியாணம் இருக்கட்டும்," என்று அக்காவின் குரல் கேட்டது. "முதல்ல சொல்லுங்கோ, உங்களுக்குச் சம்மதமோ எண்டு ஆராவது கேட்டவையோ?"