வெயிலில் காய்ந்த வெள்ளியும் செம்பும்

காலை பதினொன்றே கால் மணிக்கு மோர் எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தேன். கழுவித் துடைத்து வெறுமையாக இருந்தது. மகள் வைத்துவிட்டுப் போன இரண்டு கண்ணாடிக் குப்பிகளும் இல்லை. இன்றும் அந்தக் கதவைத் திறக்கும்போது கை ஒரு நொடி தயங்குகிறது.

அன்று மாரியம்மனுக்குக் காப்புக் கட்டு. அதற்கு முன் வீட்டில் உள்ளதையெல்லாம் கழுவி வெயில் காட்டிவிடுவது எங்கள் கச்சிராயபாளையத்து வழக்கம். என் கணவரின் அக்கா, ஊறுகாய் ஜாடிகளோடு குப்பிகளையும் மாடித் தகரத்தின் மேல் வரிசையாக வைத்திருந்தார். தொட்டேன்; சுட்டது.

"அண்ணி, இது பாப்பாவோடதாச்சே!"

"அதுக்கின்னா இப்போ? கறி, மீனு வெச்ச ஐஸ் பொட்டி, கவிச்சி ஒட்டிக்கினு இருக்கும். மூடிய நான் தொறக்கவேயில்ல."

மகள் ஆராய்ச்சி மாணவி. குப்பிகளில் இருந்த கருப்புத் தண்ணீரில் வெள்ளியும் செம்பும் ஒரே துகளாகக் கலந்து மிதப்பதாக முந்தின நாள் சாப்பிடும்போது சொல்லியிருந்தாள். பெரிய கட்டியில் இரண்டும் சேர்ந்து நிற்காதாம். கண்ணுக்கே தெரியாத அளவில்தான் கலந்திருக்கும், அதுவும் குளிரில் இருக்கும் வரை. சூடு பட்டால் வெள்ளி வெளியே வந்துவிடும், செம்பு உள்ளே ஒதுங்கிவிடும். காப்புக் கட்டுக்கு மறுநாள் சென்னையில் பெரிய நுண்ணோக்கியில் அதைப் பார்க்க அவளுக்கு முறை. மாதக்கணக்கில் காத்திருந்து கிடைத்தது. ஆய்வேட்டைக் கொடுக்கும் முன் இன்னொரு முறை கிடைக்காது.

அவளோ கல்வராயன் மலையில், தோழியின் கல்யாணத்தில். எத்தனை தடவை அழைத்தாலும் சிக்னல் இல்லை. திரும்பக் குளிரில் வைக்கலாமா, கூடாதா? கேட்க ஆளில்லை. குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அதே கருப்பு. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் நெற்றியைத் தொட்டுப் பார்க்கலாம். கெட்டதா இல்லையா என்றே தெரியாத ஒன்றுக்காக யார் மேல் எரிந்து விழுவது? அவளைத் தூக்கி வளர்த்த அண்ணி மேலா? அவரோ பின்னாலேயே வந்து, "ஐஸ்ல வெய்யி, சரியாப் பூடும்" என்று ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

மாலையில் மலைப் பேருந்து வந்து, மகள் இறங்கினாள். நான் சொல்லி முடிக்கும்வரை செருப்பைக்கூடக் கழற்றவில்லை. குப்பிகளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இன்னாடி, கெட்டுப் பூட்ச்சா?" என்றார் அண்ணி. முகம் சுண்டியிருந்தது.

"ஒண்ணும் ஆவல அத்தை. நல்லாத்தான் இருக்குது. நீங்க கோயிலுக்குக் கெளம்புங்க."

அவர் தெருமுனை தாண்டும்வரை வாசலிலேயே நின்று பார்த்தாள். பிறகு குப்பிகளை என் கையில் வைத்தாள்.

"நாளைக்கு நான் சென்னைக்குப் போவலம்மா" என்றாள்.