பன்னிரண்டு மீட்டர் கேபிள்

இது கதை இல்லை. என் வீட்டில், பட்டப்பகலில், எனக்கு நடந்தது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். பேய் என்றால் நானும் அதுவரை சிரித்த ஆள்தான்.

எனக்கு அமெச்சூர் ரேடியோ பைத்தியம். செட் முன்னறையில். ஆன்டெனாவைச் செட்டோடு இசைய வைக்கும் டியூனர் மொட்டைமாடியில். இரண்டுக்கும் நடுவே பன்னிரண்டு மீட்டர் கேபிள். வேறொரு ரேடியோக்காரர் தலைமுழுகிய சாமான், அடிமாட்டு விலைக்குக் கிடைத்தது. மாடிப்படியில் இறங்கி, படுக்கையறையில் தொட்டிலுக்கு அடியில் நுழைந்து, என் மேஜைக்கு வரும்படி அன்று காலைதான் பதித்திருந்தேன்.

"இந்த வயரையே கட்டிக்கிட்டு அழுங்க," என்றாள் மனைவி. ஆனாலும் டியூனரைப் பார்த்துக்கொள்ள மாடி ஏறினாள். நாலு மாத மகள் தொட்டிலில் தூங்கினாள்.

மணி மூன்று பத்து. என் பக்கத்து முனையில் மீட்டரை மாட்டினேன். கேபிள் எங்கே முடிகிறதோ, எங்கே நசுங்குகிறதோ, அதுவரை எத்தனை மீட்டர் என்று அது காட்டும்.

12 காட்டியது. சரிதான்.

உடனே 9 ஆனது. ஒன்பது மீட்டர் என்றால் மாடிப்படி.

"படியில வயரை மிதிக்காதேம்மா!"

"நான் மேலதாங்க இருக்கேன்!" குரல் மாடியிலிருந்துதான் வந்தது.

8...

மீட்டரைத் தட்டினேன். 7 ஆனது. அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. தப்... தப்... சின்ன உள்ளங்கை தரையில் படுகிற சத்தம்.

6... 5... ஐந்து என்றால் படுக்கையறை வாசல்.

மூன்றில் என் மகள்.

எழுந்திருக்கப் பார்த்தேன். பயத்தில் அழுகைதான் வந்தது.

4...

தப்...

3.

சத்தம் நின்றது.

மகள் சிரித்தாள்.

எப்படி ஓடினேன் என்று தெரியாது. அறையில் யாரும் இல்லை. மகள் விழித்திருந்தாள். ஒரு கால் மட்டும் தொட்டில் கம்பிக்கு வெளியே தொங்கியது. கீழே கேபிள் எச்சில் பட்டு ஈரமாக இருந்தது. அதில் பல் தடம். மேலே இரண்டு, கீழே இரண்டு. படிவரைக்கும் மீட்டருக்கு ஒன்றாக அதே தடம். காலையில் துடைத்துப் பதித்தபோது ஒன்றுகூட இல்லை.

விற்றவருக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"என் பையன்... தவழ்ந்து வந்து அந்த வயரைத்தான் கடிப்பான். நாலு பல்லுதான் முளைச்சிருந்துச்சு. அதுவே அவன் கழுத்துல சுத்திக்கிச்சு. நான் மாடியில டியூனரைத் திருப்பிக்கிட்டு நின்னேங்க."

கேபிளைத் துண்டு துண்டாக வெட்டி எரித்தேன். சாயங்காலம் மகளுக்குச் சட்டை மாற்றும்போது மனைவி கூப்பிட்டாள்.

"ஏங்க, இவ கால்ல இது என்னங்க?"

கம்பிக்கு வெளியே தொங்கிய அதே பாதம். மேலே இரண்டு, கீழே இரண்டு.