தாத்தாவுக்கு ஏற்றிய இரண்டாவது மெழுகுவர்த்தி

கல்லறைத் திருநாளுக்கு ஆலங்காயம் வந்திருக்கிறேன். புதுச் சுண்ணாம்பும் உருகும் மெழுகும் கலந்த வாடை மூக்கில் ஏறியதுமே, பத்து வயதில் இதே இடத்தில் நான் சொன்னது ஞாபகம் வந்து உடம்பு கூசுகிறது.

அன்று அப்பா, தாத்தாவின் கல்லறைக்கு வெள்ளையடித்து, சாமந்தி இதழால் சிலுவை போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுச் செல்வியும் எங்களோடு வந்திருந்தாள். அவள் அம்மா காய்ச்சலில் இறந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

“எங்கம்மாவுக்கும் ஒண்ணு ஏத்தட்டா?” என்று கையிலிருந்த மெழுகுவர்த்தியைக் காட்டினாள்.

ஞானோபதேச வகுப்பில் முதல் பரிசு வாங்கியவள் நான். “வோணாம்டி. உத்தரிக்கிற ஸ்தலத்துல பாவம் தீர்ந்து மோட்சம் போறவங்களுக்குத்தான் இது. உங்கம்மா ஞானஸ்நானம் வாங்கல இல்ல? அவங்க நரகத்துல கீறாங்க.”

செல்வி கொஞ்சம் யோசித்தாள். “எப்ப வுடுவாங்க?”

“வுடவே மாட்டாங்க. எப்பவும் எரிஞ்சினேதான் இருப்பாங்க.” பரீட்சைக் கேள்விக்குப் பதில் தெரிந்த பெருமை எனக்கு.

அவள் அழவில்லை. மெழுகுவர்த்தியை என்னிடம் நீட்டினாள்.

“அப்ப இத உங்க தாத்தாவுக்கு ஏத்து. அவராவது சீக்கிரம் போவட்டும்.”

நானும் வாங்கி ஏற்றினேன்.

செல்வி கல்யாணமாகி எங்கேயோ போய்விட்டாள். இப்போது தாத்தாவின் கல்லறைக்குப் பக்கத்தில், வெறும் மண்ணில் ஒரு மெழுகுவர்த்தியை நட்டுவைக்கிறேன்.

“இது யாருக்கும்மா?” என்கிறாள் என் மகள்.

நரகம் என்று அவ்வளவு உறுதியாகச் சொன்ன நான், செல்வி அம்மாவின் பெயரைக்கூட ஒருநாளும் கேட்டதில்லை.