ஜுரம் என்று எழுதிக் கொடுத்தேன்

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை செய்கிறேன். என் மகன் பிளஸ் டூ. தனக்குப் பையன்களைத்தான் பிடிக்கிறது என்று போன வருடம் என்னிடம் அழுதபடி சொன்னவன். எப்படியோ பள்ளியிலும் அது தெரிந்துவிட்டது.

பிரிவு உபசார விழாவுக்கு முன்தினம் வகுப்பு ஆசிரியை என்னைப் பள்ளிக்குக் கூப்பிட்டார். "மத்த பேரன்ட்ஸ் பேஜார் பண்றாங்கம்மா. நாளைக்கு அவன் வர வேணாம். ஜுரம்னு ஒரு லெட்டர் குடுத்துடுங்க."

வம்பு வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டேன். காலையில் புதுச்சட்டை போட்டுக் கிளம்பியவனிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கம்பெனி கேட்டிலேயே செல்போனை வாங்கி வைத்துவிடுவார்கள். சாப்பாட்டு நேரத்தில் வாங்கிப் பார்த்தால் ஆசிரியை ஏழு முறை கூப்பிட்டிருந்தார். பதறிப்போய்ப் பேசினேன்.

"உங்க லெட்டரைக் கையில குடுத்து காலையிலயே திருப்பி அனுப்பிட்டோம். வீட்டுக்கு வந்துட்டானா?"

போன் போட்டுக் கேட்டால், வரவில்லை என்றார்கள் பக்கத்து வீட்டில். அவன் போன் அணைந்திருந்தது. கம்பெனியை விட்டு வெளியே வந்து, பள்ளிக்குப் போகும் வழியில் இருக்கும் தண்டவாளத்தை ஒட்டியே அவனைத் தேடி ஓடினேன். ரயில் சத்தம் கேட்டதும் கீழே உட்கார்ந்துவிட்டேன். ரயில் போன பிறகும் அந்தப் பக்கம் பார்க்கத் தைரியம் இல்லை.

திரும்பி வந்தால், கம்பெனிக்கு எதிரே பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்திருந்தான். கையில் என் கடிதம்.

"எனக்கு எப்பம்மா ஜுரம் வந்துச்சு?"

மறுநாளே பள்ளிக்குப் போய், நான் எழுதியது பொய் என்று எழுதிக் கொடுத்தேன். இப்போதெல்லாம் அவனைப் பற்றி யார் எது கேட்டாலும், அவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் பதில் சொல்கிறேன். ஆனாலும் அவன் வர ஐந்து நிமிடம் தாமதமானால் எனக்கு அந்த ரயில் சத்தம் கேட்கிறது.